கொங்கு நாட்டுக் குளியல் மூலிகைகளும் மேட்டுப்பாளையத்து மலைச்சரக்கும்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெய்க் குளியலுக்கும் பூச்சுமாவுக்கும் பயன்படும் இலை, பூ, காய்களைக் கொங்கு வட்டாரத்தில் வீட்டு வழக்காகவே கருதுவர். அப்பொருள்களுள் வேலியோரத்தில் கிடைத்தன எவை, மலைக்காட்டிலிருந்து பிறர் உழைப்பால் வந்தன எவை எனப் பிரித்துப் பார்க்கிறது இக்கட்டுரை. சிலப்பதிகார உரை தரும் பட்டியலும் மேட்டுப்பாளையம் வழி நடந்த மலைச்சரக்குப் போக்குவரத்தும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரப்பு, சீயக்காய், ஆவாரை, துவர், இருளர், சிறு வனப்பொருள், மேட்டுப்பாளையம்

முன்னுரை

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் மேனியில் மா பூசிக் குளிப்பதற்கும் உரிய மூலிகைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகை அவற்றின் மருத்துவக் குணத்தைக் கூறும். மற்றொரு வகை அவற்றைப் பாட்டிமார் வழிவந்த அறிவாகப் போற்றும். இரண்டிலும் ஒரு வினா விடுபடுகிறது. அப்பொருள்கள் வீட்டுக்கு எங்கிருந்து, யார் கைவழி வந்தன? கொங்கு நாட்டில் இதற்கு விடை தேடுவோர், பவானி ஆறு மலையை விட்டு வெளிப்படும் பகுதியில், நீலகிரியின் அடிவாரத்தில் அமைந்த மேட்டுப்பாளையத்தைக் கடந்து செல்ல இயலாது.

உரை தரும் பட்டியல்

மணநீராட்டுப் பொருள்களுக்குத் தமிழிலுள்ள விரிவான பழஞ்சான்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. ஊடல் தீர்க்க விரும்பிய மாதவி பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை நனைத்தாள் என்பது அங்குள்ள செய்தி. இவை எவையெனப் பெயர் சுட்டி விளக்கியவர் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். கொங்கு நாட்டு நிரம்பையோடு தொடர்புடையவராக அவரைக் கூறும் மரபு இங்கு நினைக்கத்தக்கது. கொங்குவேளிரின் பெருங்கதையும் இலாவாண காண்டத்தில் ‘மண்ணுநீராட்டியது’ என ஒரு பகுதியையே இந்நிகழ்வுக்கு ஒதுக்குகிறது. நீராட்டின் நுட்பங்களைப் பதிவு செய்த நூலொன்றும் உரையொன்றும் கொங்கோடு தொடர்புடையனவாய் இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். அதனை மிகைப்படுத்த வேண்டியதில்லை.

பட்டியலின் உள்ளடக்கமே இங்கு முதன்மையானது. பத்துத் துவராவன: பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி ஆகிய திரிபலை, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நாற்பால் மரம். பூவந்தி என்பது இன்றைய பூந்திக்கொட்டை. இப்பத்தும் தமிழகத்துக் காட்டிலும் ஊர்ப்புறத்திலும் கிடைப்பவை. ஐந்து விரையாகிய கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவற்றின் நிலை வேறு. ஆரமாகிய சந்தனம் நீங்கலாக ஏனையவை பெரிதும் தொலைவணிகச் சரக்குகள். எனவே மாதவியின் நீராட்டு நீர் ஒரு கணிகையின் மனைக்குள் கலக்கப்பட்டதாயினும், கலந்த பொருள்கள் துறைமுகச் சந்தையையும் காட்டையும் ஒருங்கே சார்ந்தவை.

துவர்ப்பட்டியலில் இல்லாதவற்றையும் நோக்க வேண்டும். கொங்கு நாட்டுக் குளியலில் இன்று முதலிடம் பெறும் அரப்பு, சீயக்காய், ஆவாரை ஆகிய மூன்றுமே அதில் இல்லை. அக்காலத்தில் இவை வழக்கில் இல்லை என்று இதனால் முடிவு செய்ய இயலாது. காப்பியமும் உரையும் செல்வர் மனை நீராட்டைப் பதிந்தன. உழவர் வீட்டு நீராட்டைப் பதிய அவற்றுக்குத் தேவை எழவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

மேட்டுக்காட்டு மூலிகைகள்

அரப்பு என்பது உசிலை மரத்தின் இலைத்தூள். ஊஞ்சமரம் என்றும் வழங்கும் இம்மரம் மழை குறைந்த மேட்டுக்காடுகளிலும் வேலியோரங்களிலும் தானே வளரும். இலையை உலர்த்தி, இடித்துச் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துத் தலைக்குத் தேய்ப்பது வழக்கம். இலையிலுள்ள சப்போனின் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குகிறது. வழவழப்பான அதன் குழம்பு, சீயக்காயைப் போலக் கண்ணை வருத்துவதில்லை. ‘அரைப்பு’ எனப் பொதுவாக அரைத்த பொருளைக் குறித்த சொல் அரப்பெனத் திரிந்து ஒரே மரத்தின் இலைக்கு உரிய பெயராகச் சுருங்கியது என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின், அச்சுருக்கமே இம்மூலிகையின் செல்வாக்கைக் காட்டும். சனிக்கிழமைக் குளியலுக்கு மட்டுமன்றி, இறந்தாரை நீராட்டும் சடங்கிலும் எண்ணெயும் அரப்பும் இடம்பெறுகின்றன.

ஆவாரை இதே நிலத்துக்குரியது. பொங்கலையொட்டி வேப்பிலை, பூளைப்பூ ஆகியவற்றுடன் ஆவாரம்பூவைச் சேர்த்துக் காப்புக் கட்டுவதும், மாட்டுப்பொங்கலுக்குப் பின்னர்ப் பெண்கள் கூடிச் சென்று ஆவாரம்பூப் பறிப்பதும் கொங்கு வழக்குகள். பூவை உலர்த்திப் பயற்றமாவோடு கூட்டி மேனிப்பூச்சாகக் கொள்வர். பறிப்பதற்கு யார் இசைவும் வேண்டியிராத பொருள் இது.

ஆவாரையின் பட்டையோ வேறு வரலாறு உடையது. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கு அது தலையாய மூலப்பொருளாய் விளங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வாட்டில் பட்டையே பின்னர் அதன் இடத்தைப் பெரிதும் கைப்பற்றியது. பதனிடும் தொட்டிக்கும் குளியல் பாத்திரத்துக்கும் இடையே இருப்பது துவர்ப்பு என்னும் ஒரே பண்புதான்.

மலைச்சரக்கின் வழி

சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய் ஆகியவற்றின் நிலை இவ்வாறன்று. சீகை முட்கள் நிறைந்த ஏறுகொடி. மலைச்சரிவின் மரங்களைப் பற்றிப் படர்வது. கோடை தொடங்கும் காலத்தில் காட்டுக்குள் சென்று, முள்ளுக்கிடையே காயைப் பறித்து, காயவைத்துச் சுமந்து இறக்குவோர் இருளர் முதலிய மலைவாழ் மக்களே. 1800இல் இவ்வட்டாரத்தில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் நூலில் தணாயக்கன்கோட்டையைப் பற்றியும் அதனை அடுத்த மலைகளில் வாழ்ந்த இருளரைப் பற்றியும் எழுதியுள்ளார். அக்கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துள் மூழ்கிக் கிடக்கிறது.

1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. மலைப்பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் எட்டியது. வெள்ளையர் கோடை வாழிடத்துக்குச் செல்லும் வழியாகவே இப்பாதையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மலையிலிருந்து விளைபொருள் இறங்கிய வழியும் அதுவே. இப்பாதைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், 1882இல், சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. காடு ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டபின், அதுவரை வழக்குரிமையால் எடுக்கப்பட்ட காயும் பட்டையும் தேனும் ‘சிறு வனப்பொருள்’ என்னும் அரசுடைமையாயின. அவற்றைச் சேகரிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. இருளர் தம் காட்டிலேயே குத்தகைதாரருக்குக் கூலிக்குக் காய் பறிப்போர் ஆயினர். இம்மாற்றத்தில் குளியலறையில் சீயக்காய் தேய்த்தவர் எதனையும் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குச் சரக்கு கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய மற்றொரு பொருளையும் இங்குக் குறிப்பிடலாம். ஆவி பிடிக்கவும் உடல்வலிக்குத் தேய்க்கவும் பயன்படும் நீலகிரித் தைலம் இன்று தொன்மையான நாட்டு மருந்தாகவே எண்ணப்படுகிறது. ஆனால் அதற்குரிய யூக்கலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 அளவிலேயே நீலகிரிக்கு வந்தது. ‘பாரம்பரியம்’ என்னும் சொல்லைக் குளியல் மூலிகைகளுக்கு வழங்கும்போது ஆய்வாளர் காலத்தைத் தனித்தனியே கணிக்க வேண்டியிருப்பதற்கு இது தக்க சான்று.

உரிமையும் விற்பனையும்

விடுதலைக்குப் பின் குத்தகைதாரரின் இடத்தை ஓரளவு பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் பெற்றன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்களின் மீது வனவாழ் மக்களுக்கு உடைமையுரிமையையும், அவற்றைச் சேகரித்துப் பயன்படுத்தி விற்கும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. 1882இல் பறிக்கப்பட்டது சட்ட ஏட்டிலாவது மீள 124 ஆண்டுகள் ஆயின. எனினும் காய்க்கும் தூளுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு பெரிதும் இடித்துப் பொதிந்து பெயரிட்டு விற்போரையே சேர்கிறது. மூலிகைக் குளியல் பொடிகளின் உறைகள் செடிகளின் பெயரை வரிசைப்படுத்துகின்றன. பறித்தோரைப் பற்றிய குறிப்பு அவற்றில் அரிது. அடியார்க்குநல்லாரின் பட்டியலும் அவ்வாறே அமைந்தது.

இதற்கிடையில் சமவெளியில் எதிர்த்திசை மாற்றம் ஒன்று நிகழ்ந்துள்ளது. கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள மேட்டுக்காடுகள் வீட்டுமனைகளாகவும் கம்பிவேலியிட்ட தோப்புகளாகவும் மாறி வருகையில் உயிர்வேலிகளும் அவற்றிலிருந்த ஊஞ்சமரங்களும் குறைந்து வருகின்றன. முன்பு விலையின்றிக் கிடைத்த அரப்பு, இப்போது சீயக்காய்ப் பொடிக்கு அருகிலேயே, எடை குறிக்கப்பட்ட பொட்டலமாகக் கடையில் அடுக்கப்பட்டிருக்கிறது.