வியாழனின் நிலவுகளும் மதராஸ் நேரமும்

திருநின்றவூர் வழியாகச் செல்லும் இரயில் பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் தடமாகும். 1906-இல் இந்தியச் சீர் நேரம் வரும்வரை இரயில்கள் ‘மதராஸ் நேரம்’ பார்த்தே ஓடின. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய அந்தக் கணக்கின் தொடக்கம் எழும்பூரில் ஒரு வீடு.

கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் தம் வீட்டிலேயே சொந்தச் செலவில் வானாய்வகம் அமைத்தார். அவருடைய தொலைநோக்கிகள் 3 அங்குலம்தான். இன்று மொட்டைமாடியில் மாணவர்கள் வைப்பவை அதற்குக் குறைந்தவையல்ல. 1789-இல் அவர் கம்பெனிக்கு அளித்த கருவிகளைக் கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கம் ஆய்வகம் எழுந்தது. அங்கு நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

கப்பல்களுக்கும் நில அளவைக்கும் தேவைப்பட்டது தீர்க்கரேகை. வியாழனின் நிலவான அயோ சுமார் 42½ மணிக்கு ஒருமுறை கோளின் நிழலில் மறையும். அக்கணம் எல்லா ஊருக்கும் ஒன்றே. உள்ளூர்க் கடிகாரம் மட்டும் மாறும். 4 நிமிட வேறுபாடு 1 பாகை. வியாழன் விடியலுக்கு முன் தெரியும் மாதங்களில் அயோ மறைவதையும், மாலை வானில் தெரியும் மாதங்களில் வெளிப்படுவதையும் குறிப்பார்கள். அயோ சட்டென அணையாது, மெல்ல மங்கும்; பிழை நுழைவது அங்கேதான்.

இம்முறையில் கோல்டிங்காம் கண்ட மதிப்பு 80 பாகை 18½ கலை. அதன்படி நுங்கம்பாக்கம் மெரினாவுக்கு அப்பால் கடலில் இருக்க வேண்டும்! காலத்தில் அப்பிழை கால் நிமிடம்தான்.