வணிக வழக்கில் நிறுவனத்தின் எதிர்வாதம் (இந்தியா)

3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளில் பிரதிவாதியான நிறுவனம் வழக்கை எதிர்கொள்ளும் முறை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டமும் இதை நெறிப்படுத்துகின்றன. அவசர நிவாரணம் கோராத வழக்குகளில், தாக்கலுக்கு முன்பே சமரச முயற்சி கட்டாயம்.

அழைப்பாணையை நிறுவனச் செயலர், இயக்குநர் அல்லது வேறு முதன்மை அலுவலரிடம் சார்வு செய்யலாம். அன்றிலிருந்து எதிர்வழக்குரைக்கு 30 நாள். காரணத்தைப் பதிவுசெய்து, செலவுத்தொகை விதித்து 120 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதையும் தாண்டினால் உரிமையே பறிபோகும். பிராதை நிராகரிக்கக் கோரும் மனு நிலுவையில் இருந்ததும் பிரதிவாதிக்குக் கைகொடுக்கவில்லை என்பதை 2019இல் எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. வாய்தா வாங்கியே காலம் தள்ளும் பழைய உத்தி இங்கே எடுபடாது.

ஒட்டுமொத்தமாக மறுப்பதும் செல்லாது. எதை, ஏன் மறுக்கிறோம் என்று தனித்தனியே சொல்ல வேண்டும். வாதி தந்த ஒவ்வோர் ஆவணத்தின் கையொப்பத்தையும் உள்ளடக்கத்தையும் ஏற்பதா மறுப்பதா என வாக்குமூலம் தர வேண்டும். கொள்முதல் ஆணை ஒரு கிளையிலும் அதுகுறித்த மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப்போன மேலாளரின் கணினியிலும் கிடக்கும் பெரிய நிறுவனத்துக்கு 120 நாள் தாராளமான அவகாசமல்ல. வழக்கின் பாதி வெற்றி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது எனலாம்.

எழுவினாக்கள் வகுத்தபின் சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதுரை. முதல் வழக்கு மேலாண்மை அமர்விலிருந்து 6 மாதத்தில் வாதங்கள் முடிய வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு 60 நாள்.