சீலைப்பேனும் முதல் உடையும்: ஒரு காலக்கணிப்பின் மறுவாசிப்பு

தலைமயிரில் குடியிருப்பது பேன். உடுத்திய துணியில் குடியிருப்பது சீலைப்பேன். தமிழ் வழக்கு இரண்டையும் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறது. மனிதர் எப்போது உடுத்தத் தொடங்கினர் என்ற கேள்விக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விடையும் இந்தப் பிரிவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் கிட்லர், மான்ஃப்ரெட் கைசர், மார்க் ஸ்டோன்கிங் ஆகிய மூவர் 2003இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் அந்த விடையை முன்வைத்தனர். தோலும் நாரும் மட்கிப்போய்விட்டதால் அவர்கள் பேனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சீலைப்பேன் உடையில்தான் முட்டையிடும். உடை இல்லாத காலத்தில் அதற்கு இருப்பிடமே இல்லை. ஆகவே தலைப்பேனிலிருந்து அது பிரிந்த காலமே உடை பிறந்த காலம். வாதம் இவ்வளவுதான்.

அதன் எளிமை இன்றும் வியக்க வைக்கிறது. ஸ்டோன்கிங்கின் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த பேன் எச்சரிக்கைச் சீட்டுதான் இந்த ஆய்வுக்கு வித்து என்பதும் பலர் அறிந்த கதை. நான் மறுக்க வருவது அவர்களுடைய முறையை அன்று. அந்த முறையால் கிடைத்த எண்ணுக்கு அவர்களும் பின்வந்தோரும் சொன்ன பொருளைத்தான். இதில் ஓரளவுக்குப் பேனைப் பெருமாளாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

முதலில் எண்ணைப் பார்ப்போம். உலகின் 12 பகுதிகளிலிருந்து திரட்டிய 40 பேன்களின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு, மனிதப் பேனும் சிம்பன்சிப் பேனும் 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பதை அளவுகோலாக வைத்து, 72,000 ஆண்டுகள் என்ற முடிவுக்குக் கிட்லர் குழு வந்தது. பிழை எல்லை, கூட்டியும் கழித்தும் 42,000. அதாவது 30,000க்கும் 1,14,000க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் 72,000ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 42,000ஐ விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றும் விடுபட்டுப் போகிறது. 2004இல் அதே இதழின் 14ஆம் தொகுதியில், அதே ஆசிரியர்கள் ஒரு சிறு திருத்தக் குறிப்பு வெளியிட்டனர். திருத்தப்பட்ட எண் 1,07,000. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பவர்களுக்கு இது பழகிய சூழல்தான்: மூலபாடம் ஒன்று, ஆசிரியரே பின்னர் ஏற்ற பாடம் வேறொன்று, ஊர் முழுக்கப் புழங்குவது முதல் பாடம். கட்டுரையை மட்டும் படித்து நிறுத்தியவர் 72,000 என்றே எழுதுவார். தொகுதியைத் தள்ளிப் பார்த்தவர் 1,07,000 என்று எழுதுவார். ஒரே கட்டுரையைச் சான்று காட்டி இரண்டு எண்களும் இன்றும் உலவுகின்றன.

திருத்தம் பழைய பிழை எல்லைக்கு உள்ளேயே அடங்குகிறது, அப்படியிருக்க என்ன வேறுபாடு என்று கேட்கலாம். காலத்தில் வேறுபாடு சிறிதுதான், காரணத்தில் பெரிது. 72,000 என்ற எண், சுமார் 71,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குளிர்க்கட்டத்தின் வாசலில் போய் நிற்கிறது. சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்த சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலமும் அருகிலேயே இருக்கிறது. கிட்லர் குழு தன் எண்ணை நவீன மனிதர் ஆப்பிரிக்காவை விட்டுப் பரவியதோடு இணைத்தது. குளிர் வந்தது, மனிதர் வடக்கே போனார்கள், உடுத்தினார்கள் என்று கதை தானாகவே அமைந்துவிட்டது. ஆனால் 1,07,000ஐ வைத்துப் பார்த்தால் அந்தப் பெரும் குளிர் இன்னும் வரவில்லை. வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் மாறிமாறி வந்த இடைக்காலத்தின் நடுவில் நிற்கிறோம். எண் நகர்ந்தது, அதன்மேல் சாய்ந்திருந்த காரணத்தை யாரும் நகர்த்தவில்லை.

பிறகு மெலிஸா டூப்ஸ், டேவிட் ரீட் முதலியோர் வேறு கணிப்பு முறையால் குறைந்தது 83,000, ஒருவேளை 1,70,000 ஆண்டுகள் என்றனர் (2011). மேல் எல்லையை ஏற்றால் நாம் முந்தைய பனியுகத்துக்குள் போய்விடுகிறோம், குளிர்க் காரணம் மறுபடியும் உயிர்பெறுகிறது. கீழ் எல்லையை ஏற்றால் இல்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பேன் மட்டும் போதாது.

இனி என் முதன்மையான மறுப்புக்கு வருகிறேன். சீலைப்பேன் எதை அளக்கிறது? 1909இல் தூனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் கவனித்த ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். டைஃபஸ் காய்ச்சல் கண்டவர்கள் வீட்டில் மற்றவர்களுக்கு நோயைப் பரப்பினார்கள். மருத்துவமனை வாசலில் அவர்களுடைய உடைகளை வாங்கி வைத்தவர்களுக்கும், அவற்றைத் துவைத்தவர்களுக்கும் நோய் தொற்றியது. ஆனால் குளித்து, மருத்துவமனை உடை மாற்றி, வார்டில் படுத்த அதே நோயாளிகளிடமிருந்து பக்கத்துக் கட்டிலுக்குக்கூட அது தொற்றவில்லை. நோயைச் சுமந்தது உடையில் இருந்த பேன். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சிப்பாய்கள் சட்டையைக் கழற்றி, மெழுகுவர்த்திச் சுடரைத் தையல் ஓரமாக நகர்த்தி ஈறுகளைப் பொரிய விட்டதும் இதே அறிவால்தான். இன்றும் மாற்றுத்துணியும் குளிக்கத் தண்ணீரும் கிடைக்காத முகாம்களிலும் தெருவோர வாழ்விலும்தான் சீலைப்பேன் பெருகுகிறது.

ஆகவே சீலைப்பேன் அறிவிப்பது ‘உடை உண்டு’ என்பதை அன்று; ‘ஒரே உறை நாள் தவறாமல் உடம்பை ஒட்டிக் கிடக்கிறது’ என்பதை. காலையில் வேட்டைக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறியதும் கழற்றிப் பாறைமேல் வீசும் தோலாடை அதற்குப் போதாது. அப்படிப்பட்ட உடை பல்லாயிரம் ஆண்டுகள் வழங்கியிருந்தாலும் பேனின் மரபணுவில் ஒரு கீறலும் விழுந்திருக்காது. மறுபக்கம், உடுத்தவே உடுத்தாமல் இரவுதோறும் ஒரே தோலைப் போர்த்திப் படுத்தவர்களிடம் சீலைப்பேன் தோன்றியிருக்கக் கூடும். நாம் ஓய்ந்து கிடக்கும் வேளை அதற்கு நல்ல உணவு வேளை. இரண்டொரு நாள் பட்டினியையும் அது தாங்கும். போர்வைக்கும் சட்டைக்கும் உள்ள வேறுபாடு பேனுக்குத் தெரியாது. கிட்லர் குழு இந்த வேறுபாட்டைக் கேள்வியாகவே எழுப்பவில்லை என்பதுதான் என் குறை.

படுக்கை பற்றிய இந்த ஐயம் வெறும் தர்க்கமன்று. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் உள்ள சிபுடு குகையில் 77,000 ஆண்டுகளுக்கு முந்தைய படுக்கை அடுக்குகள் கிடைத்துள்ளன. கோரைப் பரப்பின்மேல் ஒரு குறிப்பிட்ட மரத்தின் இலைகள். பூச்சிகளைக் கொல்லும் சத்துள்ளவை. பிந்தைய அடுக்குகளில் பழைய படுக்கையைக் கொளுத்திவிட்டுப் புதியது விரித்ததற்கும் தடயம் உண்டு. என்ன பூச்சிக்கு அஞ்சினார்கள் என்று இலை சொல்லாது. ஆனால் படுக்கையில் கடிபட்ட அனுபவம் இல்லாதவர் இலை தேடிப் போகமாட்டார்.

காரணத்தைப் பொறுத்தவரை, குளிரே முதற்காரணம் என்று விடாமல் வாதிடுபவர் இயன் கில்லிகன். போர்த்தும் எளிய உடை, உடம்புக்கு அளவாகத் தைத்த கூட்டுடை என அவர் செய்த பகுப்பு பயனுள்ளது. நானும் அதையே கையாள்கிறேன். ஆனால் மொராக்கோவின் அட்லாண்டிக் கரையில் உள்ள கொந்த்ரபாந்தியே குகை அவருடைய விளக்கத்துக்கு எளிதில் வசப்படவில்லை. 2021இல் எமிலி ஹாலட் குழு அங்கிருந்து 1,20,000 முதல் 90,000 ஆண்டு வரையிலான அடுக்குகளில் 62 எலும்புக் கருவிகளை அறிவித்தது. அவற்றில் அகன்று மழுங்கிய முனை கொண்டவை தோலைக் கிழிக்காமல் அதன் உட்புறச் சவ்வைத் தேய்த்து நீக்க ஏற்றவை. உடன் கிடைத்த நரி, குள்ளநரி, காட்டுப்பூனை எலும்புகளில் இறைச்சி அறுத்த வெட்டுகள் இல்லை. மயிர்த்தோலை உரித்த வெட்டுகளே உள்ளன. உறைபனி வாட்டாத கடற்கரை அது. அங்கே ஏன் மயிர்த்தோல்? அழகுக்கா, தகுதிக்கா, இரவுக் காற்றுக்கா, பைக்கா? எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் காலம் 1,07,000ஐ இருபுறமும் அணைத்துக்கொண்டிருக்கிறது. திருத்தப்பட்ட பாடத்தை ஏற்றவர் கண்ணுக்கு மட்டுமே இந்தப் பொருத்தம் படும்.

தையலுக்கு வருவோம். இங்கே சான்று மெலிது. ஆகவே சற்று அழுத்தியே சொல்கிறேன். காதுள்ள ஊசி சைபீரியாவில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்தான் தெரிகிறது. ஐரோப்பாவில் இன்னும் பிந்தியது. அதனால் அதற்கு முன் தைத்த உடையே இல்லை என்று கொள்வது தவறு. பார்சிலோனாவுக்கு அருகில் கன்யார்ஸ் என்ற இடத்தில் கிடைத்த, 39,600 ஆண்டுப் பழமையான, குதிரை அல்லது காட்டெருது அளவுள்ள விலங்கின் இடுப்பெலும்புத் துண்டைப் பாருங்கள். அதில் 28 குத்துக்குழிகள். அவற்றுள் 10 ஒரே வரிசையில், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளியில். லுக் டுவயோன் குழு சோதனை செய்து பார்த்து, எலும்பின்மேல் தோலை விரித்து உளிமுனைக் கல்லைத் தட்டி இறக்கினால் இதே குழிகள் விழுவதைக் காட்டியது. செருப்புத் தைப்பவர் கட்டையின்மேல் தோலை வைத்துக் குத்தூசியை இறக்குவதைக் கண்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. துளை ஒரு கருவியால், நூல் கையால்: காதுள்ள ஊசி இல்லாமலே தையல் ஓரம் பிறந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்க புளோம்போஸ் குகையின் எலும்புக் குத்தூசிகள் இதற்கும் முப்பதாயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை. சீலைப்பேன் விரும்பி ஈறு வைக்கும் இடம் தையல் ஓரம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1,07,000 என்பது ஊசிக்கு முந்திய தையலின் காலமாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்துத் தையல் துளை ஒன்றுகூட நம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு தடை, என் வாதத்துக்கும் சேர்த்தே. மரபணுக் கடிகாரம் இன்று உயிரோடிருக்கும் பேன்களின் காலத்தையே காட்டும். தலைப்பேன்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, வெவ்வேறு இடங்களில், சீலைப்பேனாக மாறியிருக்கின்றன என்று பிந்தைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியானால் ‘பிரிந்த காலம்’ என்று ஒரே ஒரு காலம் இல்லை. நியாண்டர்தால் மனிதரின் உடையில் சீலைப்பேன் இருந்திருந்தால், அவர்களோடு அதுவும் அழிந்திருக்கலாம். கடிகாரத்தில் அதற்கு மணி இல்லை. ஜெர்மனியின் ஷோனிங்கனில் சுமார் 3,20,000 ஆண்டுகளுக்கு முந்தைய குகைக்கரடியின் பாத எலும்பிலும் விரல் எலும்பிலும் மெல்லிய வெட்டுக் கோடுகள் உள்ளன. பாதத்தில் தின்ன இறைச்சி அதிகமில்லை. தோலை நகத்தோடு முழுசாக உரித்தெடுப்பவர் கத்தி வைக்கும் இடம் அது. அந்தக் கரடித்தோலைத் தரையில் விரித்தார்களா, போர்த்தினார்களா, இடுப்பில் இறுக்கிக் கட்டினார்களா என்பதற்கு வெட்டுக் கோட்டில் விடையில்லை. அந்த 3,20,000க்கும் டூப்ஸ் குழுவின் 1,70,000க்கும் இடைப்பட்ட ஒன்றரை லட்சம் ஆண்டுகளை எந்தப் பெயரால் குறிப்பது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.