அடைப்பத்தில் இருந்த படிகாரம்

கொழும்பின் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொச்சிக்கடையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மெழுகால் முடி நீக்கும் ‘வெக்ஸ்’ செய்துகொண்டு வரும் பெண்களுக்கு நோவும் சிவப்பும் தடிப்பும் பழகிப்போன சங்கதிகள். வடிவுக்குக் கொடுக்கும் விலை என்று அவற்றைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பொறுமை நம்மிடம் அப்படியொன்றும் பழையதல்ல. உரோமம் நீக்குவதும் நீக்கிய தோலை ஆற்றுவதும் நெடுங்காலம் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாக இருந்தன. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அவை பிரிந்தன. பிரிந்தபோது ஆற்றும் பாதியைப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போயிற்று. இன்றைய எரிச்சலில் பெரும்பங்கு மெழுகால் வந்ததல்ல, இந்தப் பிரிவினையால் வந்தது என்பதே என் வாதம்.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில் உரோமம் நீக்கும் முறை எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். அது அழகுக் குறிப்பாக வரவில்லை. புண்ணுக்குச் செய்யும் அறுபது சிகிச்சைகளில் ஒன்றாக வருகிறது. முடி மூடியிருப்பதால் ஆறாத புண்ணைச் சுற்றிக் கத்தியாலோ கத்தரியாலோ குறடாலோ மழித்தெடுக்கலாம். அல்லது சங்குப் பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு எடுத்துப் புளித்த காடியில் அரைத்துப் பூசலாம் என்கிறது நூல். அதாவது முடியை எடுப்பவரே தோலுக்கும் பொறுப்பு. ஏட்டில் இருந்த இந்த ஒழுங்கு நடைமுறையிலும் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், தமிழ்நாட்டு முடிதிருத்துவோர் வைத்தியமும் பார்த்தார்கள், அவர்களுடைய பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அவர்கள் தூக்கித் திரிந்த அடைப்பம் என்ற கருவிப் பைக்குள் கத்தியும் சாணைத்தோலும் கிடந்தன. கூடவே படிகாரக் கட்டியும் கிடந்தது. சவரம் முடிந்ததும் அந்தக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்ப்பார்கள். சுரீரென்று பிடிக்கும், தோல் சுருங்கி இறுகும், கீறலில் கசிந்த இரத்தம் நிற்கும். அதற்கென்று யாரும் தனிக் காசு கேட்டதில்லை.

கொழும்பில் இந்த இரட்டைத் தொழில் எப்படி உடைந்தது என்பதைச் சில ஆண்டுகளை வைத்தே காட்டலாம். 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1879இல் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. புண்ணும் கட்டியும் டாக்டரிடம் போயின. பிரசவம் பயிற்சி பெற்ற மருத்துவமாதுகளிடம் போயிற்று. தாய்மாரும் குழந்தைகளும் பிழைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சவரக்காரரிடம் மிஞ்சியது கத்தி மட்டும். துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சலூன் வைத்தவர்களிலும் வேலை செய்தவர்களிலும் இந்திய வம்சாவளித் தமிழர் கணிசமானோர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அப்படிப்பட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. கைப்பழக்கமாக மட்டுமே கடத்தப்படும் ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை.

பெண்களின் கதை வேறு வழியில் வந்தது. அவர்களுடைய கால்களை எந்தச் சவரக்காரரும் தொட்டதில்லை, ஆகவே இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக்கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் பெண்கள் பக்கம் வீட்டுக் கிணற்றடியில் இருந்ததும் ஆற்றும் பாதிதான், அதுவும் கூடுதலாகவே. எண்ணெய் வைத்து, பயற்றம்மா தேய்த்து, கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பதில் முடி உதிர்ந்ததோ இல்லையோ, தோல் மிருதுவானது. மஞ்சள் முடி வளர்ச்சியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை முழு மூடநம்பிக்கை என்றும் தள்ளிவிட முடியாது. மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்த குர்குமா எருஜினோசா என்ற கிழங்கின் எண்ணெயைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் பெண்களின் அக்குளில் சோதித்து, முடி வளர்ச்சி மந்தப்பட்டதைக் கண்டிருக்கிறார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு அழகுச் சாமான்கள் தாராளமாக வந்தன. அவற்றோடு வந்த மெழுகு டின் சவரக்காரரின் அடைப்பத்திலிருந்தும் வரவில்லை, கிணற்றடியிலிருந்தும் வரவில்லை. எடுக்கும் பாதி மட்டும் டின்னுக்குள் அடைபட்டு வந்தது.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வருகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அரிதாரம் ஆர்செனிக் கலந்த நஞ்சு. இன்றைய முடி நீக்கும் கிறீம் அதே இரசாயன வழியில், முடியின் கெரட்டினைக் காரத்தால் கரைத்தே வேலை செய்தாலும், நஞ்சை விட்டுவிட்டது. ஒரே கத்தி பத்துப் பேரின் தாடையில் ஓடிய காலம் திரும்பத் தேவையில்லை. அந்தத் தொழிலைப் பிறப்பால் சுமத்தி, செய்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய வழக்கமும் தேவையில்லை. மஞ்சளைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: 2020இல் இறக்குமதித் தடையால் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறியபோது, மா கலந்த மஞ்சள் கொழும்புச் சந்தையில் பிடிபட்டது. நான் மீட்கச் சொல்வது பொருட்களை அல்ல, அந்தப் பொறுப்பை.

வேரோடு பிடுங்கினால் நோகத்தானே செய்யும் என்பது இன்னொரு மறுப்பு. நோகும். ஆனால் எவ்வளவு நோகும், எத்தனை நாள் எரியும் என்பது கையில் இருக்கிறது. முடி ஓர் அரிசி மணி நீளமாவது வளர்ந்திருக்கவேண்டும். அதைவிடக் குட்டையானால் மெழுகு பிடிக்காது, ஒரே இடத்தில் இரண்டு மூன்று தரம் இழுக்க நேரும். மெழுகை முடி சாய்ந்திருக்கும் திசையில் மெல்லியதாகத் தடவி, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, துணியை எதிர்த்திசையில் தோலோடு ஒட்டினாற்போல வெடுக்கென்று இழுப்பதே முறை. மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் தோல் கூடவே எழும்பி, முடி பாதியில் முறிந்து, பிறகு உள்நோக்கி வளரும். இழுத்த கணத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் நோவு அடங்குகிறது. அராபிய வீடுகளில் சீனியையும் தேசிப்புளியையும் காய்ச்சிச் செய்யும் ஹலாவாவை இளஞ்சூட்டில் போடுவார்கள், முடி வளரும் திசையிலேயே இழுப்பார்கள், மிச்சத்தைத் தண்ணீரில் கழுவிவிடுவார்கள். தோல் சுடுவதும் முடி முறிவதும் அதில் குறைவு. விட்டமின் ஏ சேர்ந்த பருக் கிறீம் பூசுகிறவர்களுக்கு மெழுகோடு மேல்தோலும் உரிந்து வரும் என்பதால், தொடங்குமுன் அதைக் கேட்பது அவசியம்.

மிஞ்சியது பின்கவனிப்பு. படிகாரம் சவரக் கீறலுக்குச் சரி; மெழுகு இழுத்த தோலுக்கு அது கடுமையானது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியும் கற்றாழைச் சோறும் போதும். தேசிக்காயைத் தோலில் பூசி வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுக்கும். கொழும்பின் புழுக்கத்தில் ஒன்றிரண்டு நாள் இறுக்கமான உடுப்பையும் வியர்க்கும் வேலையையும் தவிர்க்கவேண்டும்; பயற்றம்மா தேய்ப்பதை மூன்றாம் நாளுக்குத் தள்ளலாம். காலி வீதி வாடகையில் பார்லர்க்காரருக்கு இதையெல்லாம் சொல்ல நேரம் ஏது என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கும் ஒரு துணிக்கும் கட்டணத்திலேயே இடமுண்டு. உரோமக்கால்களில் சீழ்க் கொப்புளம் கண்டு நாலைந்து நாளில் அடங்காவிட்டால் மட்டும் டாக்டரிடம் அனுப்பவேண்டும்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட கோடு அந்த ஓரிடத்தில் சரியாகவே விழுந்திருக்கிறது.