ஓலை வாசிப்பும் மரபணுச் சோதனையும்

பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நெடுங்காலமாக உறவுக்குள்ளேயே நடந்துவந்துள்ளன. தாய்மாமனுக்குக் கொடுப்பது முறை. அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோ கொடுப்பதும் முறை. முறையில் கொடாதவரிடமே காரணம் கேட்கப்பட்டது. 1853இல் ஆர்க்காட்டு மிஷன் நிறுவப்பட்ட பின்னர் இப்பகுதியில் எழுந்த சபைகளும் இவ்வழக்கத்தை விட்டுவிடவில்லை. எனவே, திருமண ஓலை வாசிக்கும் போதகரை நோக்கி இக்காலத்தில் ஒரு புதிய வினா எழுகிறது: "ஐயா, சொந்தத்தில் கட்டுவதானால் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்களே, சபை என்ன சொல்லுகிறது?" இதற்கு விடை கூறுமுன் நமது பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

திருமறை இக்காரியத்தில் நமக்கு எளிதான விடை எதையும் தரவில்லை. யாக்கோபு தன் தாய்மாமனாகிய லாபானின் குமாரத்திகளை மணந்தான். நாகோர் தன் சகோதரனின் மகளாகிய மில்க்காளை மணந்தான். மோசேயின் தந்தையாகிய அம்ராமோ, லேவியராகமம் 18ஆம் அதிகாரம் பின்னர் விலக்கிய அத்தை உறவிலேயே யோகெபேத்தைக் கொண்டான். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை வகுத்த விலக்கப்பட்ட உறவுகளின் அட்டவணை, மாமன் மருமகள் திருமணத்தைத் தடுத்தது. அத்தை மகன், மாமன் மகள் உறவை அது தொடவில்லை. இவையெல்லாம் குடும்ப ஒழுங்கையும் தூய்மையையும் கருதி எழுந்தவையே அன்றி, நோயைக் கருதி எழுந்தவையல்ல.

நோயைக் கருதிய பேச்சு நம்மிடையே முதலில் தொழுநோயின் வழியாகவே வந்தது எனலாம். 1847இல் நார்வே நாட்டு மருத்துவர்களாகிய டானியெல்சன், பெக் என்போர் அதனைப் பரம்பரை நோய் என்று எழுதினர். அதே நாட்டில் 1873இல் ஹான்சன் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும், 'இரத்தத்தில் ஓடுகிறது' என்ற சொல் ஊரை விட்டு நீங்கவில்லை. 1955இல் கரிகிரியில் தோன்றிய ஷிஃபெலின் நிலையத்தில் நற்சுகம் பெற்றுத் திரும்பினவருடைய வீட்டிலும் பெண் எடுக்கத் தயங்கினர். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட கேள்வியை நமது தெருக்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. சோதனை எதுவும் இல்லாமலே ஒரு குடும்பத்தின்மீது தீர்ப்பு எழுதுவது எவ்வளவு எளிது!

இந்நிலையில்தான் 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுந்தர் ராவ், இன்பராஜ் என்னும் புள்ளியியல் அறிஞர்கள் நமது மாவட்டத்திலேயே உறவுத் திருமணங்களை விரிவாக ஆராய்ந்தனர். கிராமப்புறத்தில் ஏறத்தாழப் பாதித் திருமணங்களும், நகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவையும் உறவுக்குள் நடந்தவை. இத்தகைய தம்பதியரிடையே கருச்சிதைவும் குழந்தை மரணமும் மிகுந்திருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. கணக்கோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. பல நூற்றாண்டுகளாக இவ்வழக்கம் நீடித்ததால் தீங்கு விளைக்கும் மரபணுக்கள் சில படிப்படியாகக் குறைந்திருக்கக்கூடும் என்ற விளக்கமும் கூறப்பட்டது. இதைக் கொண்டு சொந்தத்தில் கட்டுவதால் கேடே இல்லை என்று சாதிப்பதும் பிழையாகும். மாமனும் மருமகளும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டுள்ளனர். ஒரே குறை இருவரிடமும் மறைந்திருப்பின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு அக்குறை வெளிப்படுவதற்கு உண்டு. கூட்டத்தின் கணக்கு இன்னாருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல முயல்வதே மரபணுச் சோதனை.

அதன் பயன் திருமணத்தோடு நின்றுவிடுவதன்று. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கப்படும் சக்சினைல்கோலின் என்னும் மருந்து சில நிமிடங்களில் உடலில் சிதைந்துவிடும். ஆரிய வைசிய சமூகத்தாரில் சிலருக்கு அதனைச் சிதைக்கும் நொதி குறைவாயிருப்பதால் மூச்சு நெடுநேரம் திரும்புவதில்லை. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி முதலானோர் 2006இல் வெளியிட்டனர். முன்னரே அறிந்த மருத்துவர் வேறு மருந்தைக் கொடுப்பார்; அவ்வளவே. அறிந்தால் உயிர் பிழைக்கிறது. ஒருவர்மீதும் பழி விழுவதில்லை.

இவ்விடத்தில் நாம் மனங்கூசாமல் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இந்த மாற்றம் அச்சமூகத்தில் நிலைத்தது, மாமன் மகளை மணந்ததனால் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகத் தம் சாதிக்குள்ளேயே மணந்ததனாலும் ஆகும். தெற்காசியச் சமூகங்கள் பலவற்றில் இந்நிலை இருப்பதை 2017இல் தங்கராஜ் உள்ளிட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்குச் சான்றாக எல்லாரோடும் உடனிருந்து உண்ணவேண்டும் என்று சபையாரைச் சோதித்தது. உண்டார்கள், ஆயினும், பெண் கொடுக்கவில்லை. 'சொந்தத்தில் கட்டாதீர்' என்று பிரசங்கிக்கும் நம்மில் எத்தனை பேர், 'சாதிக்குள் கட்டாதீர்' என்று பிரசங்கித்திருக்கிறோம்?

அப்படியானால் சபை சோதனைச் சான்றைக் கேட்கலாமா? சைப்ரஸ் தீவின் வரலாறு கருதத்தக்கது. அங்கே ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் தலசீமியா என்னும் இரத்தக் குறையைத் தாங்குவோர். கருக்கலைப்பை ஏற்காத அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை, 1983முதல் திருமணத்திற்கு முன் சோதனைச் சான்றைக் கேட்டு வருகிறது. அச்சான்றில் முடிவு எழுதப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் சோதிக்கப்பட்டு ஆலோசனை பெற்றனர் என்பது மட்டுமே அதில் இருக்கும். மணப்பதும் விடுவதும் அவர்களுடைய உரிமை. இருவரும் குறையைத் தாங்குவோராயிருந்தும் பெரும்பாலோர் மணந்துகொண்டனர். நோயுற்ற குழந்தைகள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் அது பெரும்பாலும் கருவிலேயே சோதித்துக் கருவைக் கலைத்ததன் விளைவு. திருச்சபை எதைத் தவிர்க்க எண்ணிற்றோ அதுவே பின்வாசல் வழியாக வந்தது.

ஆகவே, நாம் சான்றைக் கட்டாயமாக்குவதை ஆதரிக்கவில்லை. நமது ஊர்களில் அச்சான்று மூப்பர் கையிலிருந்து தெருவுக்குப் போக ஒரு நாள் போதும். பழி பெண்ணின்மேலேயே விழும். ஆனால் அறிவைக் கொடுப்பது போதகரின் கடமை. வேலூர் நம்மிடமிருந்து 40 கிலோமீட்டர் அளவே உள்ளது. முடிவு மருத்துவருக்கும் அவ்விருவருக்கும் இடையில் இருக்கட்டும். இதைச் சொல்லத்தக்க இடம் திடப்படுத்தல் வகுப்பு. ஓலை நம்மிடம் வந்துசேரும்போது இரு வீட்டாரும் கைநனைத்திருப்பார்கள். ஆரணியிலோ மணப்பெண்ணின் பட்டு தறியில் பாதி நெய்யப்பட்டிருக்கும்.