மூங்கணத்தான்

மூங்கணத்தான் தென்னிந்தியாவிலும் நடு இந்தியாவிலும் வாழும் ஒரு சிறு பாலூட்டி. மெட்ராஸ் மர மூஞ்சூறு என்றும் அழைக்கப்படும். விலங்கியல் பெயர் அனாதனா எலியோட்டி. அனாதனா என்ற பேரினத்தில் இது ஒன்றே இனம். கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அணிலின் தோற்றமும் பூச்சியுண்ணியின் பற்களும் கொண்ட இது சேர்ந்த விலங்குக் கூட்டத்தை எந்த வரிசையில் வைப்பது என்பது விலங்கியலின் நீண்ட வழக்குகளில் ஒன்று.

உருவம்

தலையும் உடலும் சேர்ந்து 16 முதல் 20 செ.மீ. வரை இருக்கும், வாலும் ஏறத்தாழ அதே நீளம். எடை சுமார் 160 கிராம். பழுப்பு நிற உடலில் தோளின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று ஓடும். அணிலோடு ஒப்பிட்டால் முகம் நீண்டு கூர்ந்திருக்கும். உண்மையான வேறுபாடு வாயில் தெரியும். அணிலுக்கு மேலும் கீழும் ஒவ்வோர் இணை உளிப்பற்கள், அவற்றின் பின்னால் வெற்றிடம். மூங்கணத்தானுக்கு மொத்தம் 38 பற்கள். பூச்சியின் ஓட்டை நொறுக்கத் தக்க கூர்முனைகள் கடைவாயில் உண்டு. அணிலின் முன்காலில் நான்கு விரல்களே நன்கு வளர்ந்திருக்கும். இதற்கு ஐந்தும் நகத்தோடு இருக்கும்.

முதல் பார்வைகள்

மர மூஞ்சூறை ஐரோப்பியர் பதிவுசெய்த முதல் நிகழ்வு 1780-இல் நடந்தது. கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில் சென்ற மருத்துவ உதவியாளர் வில்லியம் எல்லிஸ், இன்றைய வியட்நாமைச் சேர்ந்த கொண்டோர் தீவில் ஒன்றைப் படம் வரைந்தார். அதை அணில் என்றே நினைத்தார்.

சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் தியாரும் துவோசெலும் மலாய்ப் பகுதி மாதிரிகளை ஆராய்ந்து, மூஞ்சூறுப் பேரினத்தில் சேர்த்து சோரெக்ஸ் கிளிஸ் என்று பெயரிட்டனர். அவர்களை வேலைக்கு அமர்த்திப் பின்னர் பிணங்கிப் பிரிந்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், தனிப் பேரினமாக்கி துபையா என்றார். மலாய் மொழியில் துபாய் என்றால் அணில். ஆக, உடலை அறுத்துப் பார்த்தவர்கள் மூஞ்சூறு என்றனர்; ஓடுவதைப் பார்த்தவர்கள் அணில் என்றனர்.

எலியட்டும் வாட்டர்ஹவுஸும்

வால்டர் எலியட் (1803–1887) சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அமராவதிச் சிற்பங்களை 1845-இல் அகழ்ந்தெடுத்தவர் என்ற வகையில் அவரது பெயர் இன்று அதிகம் தெரியும். விலங்குகளிலும் செடிகொடிகளிலும் அவருக்கு அதே ஈடுபாடு இருந்தது. ஊர்மக்கள் வழங்கும் பெயர்களைக் குறித்துவைப்பது அவரது வழக்கம். தெலுங்கு நாட்டுத் தாவரப் பெயர்களைத் திரட்டி 1859-இல் ‘ஃப்ளோரா ஆந்த்ரிகா’ என்ற நூலை வெளியிட்டார்.

அவர் கண்டறிந்த மர மூஞ்சூறை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ் ஆராய்ந்து துபையா எலியோட்டி எனப் பெயரிட்டார். விவரிப்பு லண்டன் விலங்கியல் சங்கத்தின் 1849-ஆம் ஆண்டு நடவடிக்கைத் தொகுதியில் இடம்பெற்று 1850-இல் அச்சாகியது. டார்வின் பீகிள் கப்பலில் கொண்டுவந்த பாலூட்டிகளை விவரித்தவரும் இதே வாட்டர்ஹவுஸ்தான்.

மாதிரி கிடைத்த இடமாகக் குறிக்கப்பட்ட கடப்பை–நெல்லூர் இடைநிலத்தில் வெலிகொண்டா மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீள்கிறது. அதன் தென்கோடி நகரி, நாகலாபுரம் பகுதி மலைகளை ஒட்டி முடிகிறது. இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன.

பிளாட்டிபஸோடு ஓர் ஒப்பீடு

இரண்டு உயிர்களின் உறுப்புகள் ஓருடலில் சேர்வது கதைக்கும் சிற்பத்துக்கும் புதிதல்ல. நாகலாபுரம் கோயிலில் வேதநாராயணர் மச்சாவதாரக் கோலத்தில், இடுப்புக்குக் கீழே மீனாகவே நிற்கிறார். ஆனால் வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்ட பிளாட்டிபஸின் தோல் 1799-இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவின் மேசைக்கு வந்தபோது, யாரோ ஒட்டுப்போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று அவர் ஐயுற்றார். தையலைத் தேடிக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பார்த்தார் என்றும் சொல்வதுண்டு. அது முட்டையிடும் பாலூட்டி என்பதை வில்லியம் கால்டுவெல் 1884-இல் தந்தி மூலம் உலகுக்கு அறிவித்தபோது வழக்கு ஒருவாறு முடிந்தது; இடையில் 85 ஆண்டுகள்.

மர மூஞ்சூறை எவரும் போலி என்று சந்தேகிக்கவில்லை. பார்த்துப் பழகிய விலங்குபோல இருந்ததே அதன் சிக்கல். வியப்பூட்டிய விலங்கு உடனே கேள்வி கேட்க வைத்தது. பழகிய முகம் கொண்ட விலங்கு கேள்வியே கேட்கவிடாமல் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு அலைந்தது.

வகைப்பாட்டு வழக்கு

19-ஆம் நூற்றாண்டு முழுவதும் மர மூஞ்சூறுகள் பூச்சியுண்ணிகளின் வரிசையிலேயே இருந்தன. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இவற்றையும் ஆப்பிரிக்காவின் யானை மூஞ்சூறுகளையும் சேர்த்து ஓர் உட்பிரிவு வகுத்தார்.

1920-களில் பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் வில்ஃப்ரிட் லீ குரோ கிளார்க், துபையாவின் மூளை, தசை, மண்டையோடு ஆகியவற்றை ஆராய்ந்தார். கண்குழியைச் சுற்றிய எலும்பு வளையமும் உடலளவுக்குப் பெரிய மூளையும் அவரைக் கவர்ந்தன. குரங்கு, தேவாங்கு, மனிதன் அடங்கிய முதனிகள் வரிசைக்கு இவை நெருங்கிய உறவு என்றார். அமெரிக்கரான ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1945-இல் வெளியிட்ட பாலூட்டி வகைப்பாட்டில் மர மூஞ்சூறுகள் முதனிகளாகவே இடம்பெற்றன. ஒரு தலைமுறைப் பாடநூல்கள் இவற்றை மனிதனின் மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மாதிரியாகக் காட்டின. ஆதிமனிதனுடையதாகக் காட்டப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு போலி என்று 1953-இல் அம்பலப்படுத்திய மூவரில் லீ குரோ கிளார்க்கும் ஒருவர். ஒட்டுவேலையைக் கண்டுபிடித்த அதே கண்ணுக்கு மர மூஞ்சூறு முதனியாகத் தெரிந்தது.

திருப்பம் பிள்ளை வளர்ப்பிலிருந்து வந்தது. 1960-களில் ராபர்ட் மார்ட்டின் துபையாக்களை வளர்த்துக் கவனித்தபோது, தாய் குட்டிகளைத் தனிக் கூட்டில் விட்டுவிட்டு 48 மணி நேரத்துக்கு ஒரு முறை சில நிமிடங்கள் மட்டும் வந்து பாலூட்டிச் செல்வதைக் கண்டார். குட்டியைச் சுமந்து திரியும் முதனிகளின் இயல்புக்கு இது நேர்மாறு. கண் வளையம் போன்ற ஒற்றுமைகள் தனித்தனியே தோன்றியவையாக இருக்கலாம் என்ற வாதம் வலுத்தது. 1972-இல் பட்லர் இவற்றைத் தனி வரிசையாக்கினார். வாக்னர் 1855-இல் பயன்படுத்திய ஸ்கண்டென்டியா என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஏறுபவை என்று பொருள்.

மரபணு ஆய்வுகள் தனி வரிசை என்ற முடிவை உறுதிசெய்துள்ளன. ஆனால் அவ்வரிசை முதனிகளுக்கு அருகிலா, எலி, முயல் கிளைக்கு அருகிலா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது.

வாழ்முறை

மூங்கணத்தானைக் காட்டிலேயே கண்காணித்த முக்கியமான ஆய்வை சோராசினாவும் குரூப்பும் ஏற்காட்டில் நடத்தி 1975-இல் வெளியிட்டனர். பகலில் தனித்துத் திரியும் இது, பெரும்பாலும் தரையில் பூச்சியும் விதையும் தேடுகிறது. மரத்தில் ஏறிச் சறுக்கி இறங்கி உடலைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இரவில் பாறை இடுக்குகளிலும் பொந்துகளிலும் தங்கும். கங்கைக்குத் தெற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை, சாத்பூரா உள்ளிட்ட பகுதிகளில் பரவியுள்ளது. இந்தியாவின் மற்ற மர மூஞ்சூறுகள் நிக்கோபாரிலும் வடகிழக்கிலும் வாழ்கின்றன.

பெயர்

மார்கஸ் வார்ட் லியான் 1913-இல் மர மூஞ்சூறுகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்தபோது, இந்தியத் தீபகற்பத்து இனத்தை துபையாவிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். அதற்கு அவர் சூட்டிய அனாதனா என்ற பெயர் தமிழிலிருந்து எடுத்தது. மூங்கில் அணத்தான் என்பது ஊர்வழக்கு. மூங்கில் அணில் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். மூங்கணத்தான் அதன் குறுக்கம்.

இது மூங்கிலில் மட்டும் வாழ்வதில்லை. மர மூஞ்சூறு எனப்பட்டாலும் மூஞ்சூறு அல்ல, பொழுதை மரத்தில் கழிப்பதும் இல்லை. அணில் அல்ல என்பதோ எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முடிவு. வரிசை பலமுறை மாறிய பிறகும், அதன் அறிவியல் பெயர் தமிழில் அணில் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.