காணாத துளைகள்: குருதிச் சுற்றோட்டக் கருத்தின் வரலாறு

இதயத்தின் வலது கீழறையையும் இடது கீழறையையும் பிரிக்கும் தடித்த தசைச்சுவரில் துளை உண்டா? குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றிய அறிவு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் தேங்கி நின்றதற்கு இந்தக் கேள்வியே காரணம் என்பது என் கருத்து.

துளை உண்டு என்றவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன். அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தமனிகளில் காற்றுதான் ஓடுகிறது என்று அதுவரை நிலவிய கருத்தை, உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவே கீறி, குருதி வருவதைக் காட்டிப் பொய்யாக்கியவர் அவர். ஆனால் உண்ட உணவு கல்லீரலில் குருதியாகிறது, சிரைகள் வழியே உறுப்புகளுக்குப் போய் அங்கேயே செலவாகிறது, திரும்பி வருவதில்லை என்பது அவர் கொள்கை. அப்படியானால் வலப்பக்கத்துக் குருதி இடப்பக்கத்துக்கு எப்படி வந்தது? இடைச்சுவரில் சிறு குழிகள் தெரிந்தன. அவற்றின் மறுமுனை தெரியவில்லை. கண்ணுக்கு எட்டாத நுண்துளைகளாக அவை மறுபக்கம் திறக்கும் என்று கேலன் எடுத்துக்கொண்டார்.

இதை முதலில் மறுத்துக் கிடைத்த எழுத்து அரபு மொழியில் உள்ளது. டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னு அந்நஃபீஸ், இப்னு சீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூறியலுக்கு 1242இல் ஓர் உரை எழுதினார். இடைச்சுவர் கெட்டியானது, வெளிப்படையான வழியும் இல்லை, மறைவான வழியும் இல்லை, வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் வரவேண்டும் என்று அதில் அறுதியிட்டுச் சொன்னார். இந்த உரையின் கையெழுத்துப் படி ஒன்றை 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்டெடுத்த பிறகே உலகம் அவரைக் கவனித்தது. ஐரோப்பாவில் மிகுவேல் செர்வேட்டஸ் 1553இல் தம் இறையியல் நூலுக்குள் நுரையீரல் வழியை விளக்கினார். அந்நூலின் சமயக் கருத்துகளுக்காக அதே ஆண்டு ஜெனீவாவில் அவர் எரிக்கப்பட்டார். 1559இல் ரியால்டோ கொலம்போவும் அதே வழியைச் சொன்னார். உடற்கூறியலை மாற்றியமைத்த வெசாலியஸ், 1555இல் வந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் துளைகள் மீதான ஐயத்தை வெளிப்படையாகவே எழுதினார்.

ஆனாலும் கல்லீரல் குருதியை உண்டாக்க, உடல் அதைச் செலவழிக்கிறது என்ற கணக்கை யாரும் தொடவில்லை. எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு செலவாகிறது என்று எவரும் கேட்கவுமில்லை.

கேட்டவர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்தில் பிறந்து, இத்தாலியின் பாதுவாவில் 1602இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். விலங்குகளின் இதயம் துடிக்கும் வேகத்தில் எதையும் பிரித்தறிய முடியாமல் திணறியவர், இதயம் மெதுவாகத் துடிக்கும் பாம்பு, தவளை ஆகியவற்றுக்கு மாறினார். பாம்பின் இதயத்துக்கு வரும் சிரையை அழுத்திப் பிடித்தால் இதயம் வெளிறிச் சுருங்கியது. வெளியேறும் தமனியை அழுத்தினால் கருஞ்சிவப்பாகப் புடைத்தது. வரத்து எது, போக்கு எது என்பதில் இனி ஐயமில்லை.

அடுத்தது கணக்கு. இறந்த உடலின் இடது கீழறையில் இரண்டு அவுன்சுக்கு மேல் குருதி கொள்வதை அவர் கண்டிருந்தார். ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ்தான் வெளியேறுகிறது, அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்புதான் என்று வேண்டுமென்றே குறைத்து வைத்தாலும் 500 அவுன்ஸ், அதாவது சுமார் 15 கிலோ ஆகிறது. உடலில் உள்ள மொத்தக் குருதியே அவ்வளவு இல்லை. எந்த உணவிலிருந்து கல்லீரல் இதை உண்டாக்கும்? போன குருதியே திரும்பி வரவேண்டும். (துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது இன்றைய அளவு. ஹார்வியின் குறைந்த மதிப்பீடே வாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.)

திரும்பும் வழியைக் காட்டியது முழங்கை. ரத்தப் பரிசோதனைக்கு மேற்கையில் பட்டை கட்டும்போது கட்டுக்குக் கீழேதான் சிரை புடைக்கிறது, மேலே புடைப்பதில்லை. ஆழத்திலுள்ள தமனி வழியே குருதி கைக்குள் இறங்குகிறது, மேலோட்டமான சிரை வழியே ஏற முடியாமல் நிற்கிறது. புடைத்த சிரையில் ஒரு விரலை வைத்து அழுத்தி, மற்றொரு விரலால் அங்கிருந்து தோள் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை குருதியை வழித்துவிட்டால் இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே கிடக்கும். முதல் விரலை எடுத்தால் கீழிருந்து நிரம்பும். அந்த முடிச்சுகள் வால்வுகள். ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ் 1603இல் இவற்றைச் 'சிறு கதவுகள்' என்று விவரித்திருந்தார். ஆனால் குருதி கை கால்களில் மிகுதியாக இறங்கித் தேங்காமல் தடுப்பவை என்றே நினைத்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் பொருள் மாணவருக்கே விளங்கியது.

சக மருத்துவர்களுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் செய்துகாட்டிய பிறகே 1628இல் ஃபிராங்ஃபர்ட்டில் தம் நூலை வெளியிட்டார் ஹார்வி. அதில் ஓர் இடைவெளி இருந்தது. தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்துக்குக் குருதி எப்படிச் செல்கிறது? தசையின் நுண்துளைகள் வழியாக இருக்கலாம் என்றார். கேலனைப் போல அவரும் காணாத துளைகளைத்தானே நம்பினார் என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. கேலனுக்குத் துளை தேவைப்பட்டது கொள்கை நிற்பதற்காக. ஹார்வியின் கணக்கும் கட்டும் வால்வும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்து, அங்கே ஒரு வழி இருந்தே ஆகவேண்டும் என்றன.

ஹார்வி 1657இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், அவருடைய நூல் வெளியான அதே 1628இல் பிறந்த மார்செல்லோ மால்பீகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார்.